முக்கால் வேகம்

கால்வாய்ப் படகில் போகிறவர்கள் அதை ஓட்டுபவருக்கு வைத்திருந்த பெயர் ‘மெதுவா’. ஏறுகிறவர்களிடம் அவர் பேசுகிற பேச்சே அவ்வளவுதான். மெதுவா, படி வழுக்கும். மெதுவா, குழந்தைக்குத் தலை இடிக்கும். படகும் அப்படியே போகும். கரையோடு ஒரு நாய் கூட நடந்து வந்தால், நடுவில் நாலு இடத்தில் நின்று மோந்து பார்த்துவிட்டும் அதுதான் முதலில் போய்ச் சேரும் என்று அவருடைய அக்கா சொல்வாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் அவள். தம்பி என்பதற்காக அவள் வாய் அவரை விட்டுவைத்ததில்லை.

வேகமாகப் போகவும் வழியில்லை. கால்வாய் ஊருக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்கள் தண்ணீரிலேயே இறங்கி நிற்கின்றன. கட்டிப்போட்ட படகுகளில் குடும்பங்கள் அடுப்பு வைத்துப் பிழைக்கின்றன. கொஞ்சம் வேகம் கூட்டினால் பின்னால் எழும் அலை கரை மண்ணை அரிக்கும், யார் அடுப்பிலாவது பால் கவிழும். நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். மற்ற படகோட்டிகள் வளைவு தாண்டி ஆளில்லாத இடம் வந்ததும் கொஞ்சம் முடுக்குவார்கள். அவர் அதுவும் செய்ததில்லை.

அவர் மனைவி அவரைக் கல்யாணம் செய்துகொண்டதே அதற்காகத்தான். அப்போது அவள் மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். எதிர்க்கரைக் கிளினிக்கில் எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு படகில் வருவாள். மற்றப் படகுகளில் குழாய்கள் ஒன்றோடொன்று மோதி வழிநெடுகக் கிணுகிணுக்கும். இவர் படகில் மட்டும் சத்தமே வராது. ஒரு நாள் அவள் குனிந்து, குழாய்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். அதை அவர் முன்னால் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்துச் சிரித்துவிட்டார். அங்கே ஆரம்பித்தது.

பதினொரு வருஷம் ஆகிவிட்டது. வீட்டிலும் அவர் அலை எழுப்பியதில்லை. சமையலில் உப்பு கூடினால் மோர் ஊற்றிக்கொள்வார். எதைக் கேட்டாலும், “உன் இஷ்டம்மா” என்பார். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், உன் இஷ்டம். அவளுடைய அம்மா வந்து ஆறு மாதம் இருக்கட்டுமா, உன் இஷ்டம். தோழிகள் எல்லாரும், உனக்கென்னடி கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தாள். குழந்தைக்காக எடுத்த சிகிச்சைகளெல்லாம் பலிக்காமல் டாக்டர்கள் கைவிரித்த பிறகு, ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாமா என்று ஒரு மாலை கேட்டாள். அதற்கும் அவர் அதே குரலில், அவள் தலையைத் தடவிக்கொண்டு, உன் இஷ்டம் என்றார். அவ்வளவு பெரிய ஒன்றைத் தன்னுடைய இஷ்டமாக மட்டும் தூக்கிக்கொண்டு நடக்க அவளால் முடியவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

இப்போது இன்னொன்று வந்திருந்தது. பெரிய ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஊரில் புதிதாகக் கட்டிய மருத்துவமனைக்கு, பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளராக அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் பஸ் அரை நாள் எடுக்கும். தினமும் போய் வர முடியாது, அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

அவரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், “நல்ல விஷயம்தானே. உன் இஷ்டம்மா” என்றார். பிறகு ஒரு துணியை எடுத்துக்கொண்டு இன்ஜினைத் துடைக்க, வீட்டுக்குக் கீழே துறையில் கட்டியிருந்த படகுக்கு இறங்கிவிட்டார்.

போ என்று ஒரு வார்த்தை, அல்லது போகாதே என்று ஒரு வார்த்தை. எதுவாக இருந்தாலும் சரி, அது அவர் வாயிலிருந்து வர வேண்டும். அது வராமல் திங்கட்கிழமை எந்தப் பதிலைச் சொன்னாலும், அவள் தனி ஆளாகச் சொன்ன பதிலாகவே இருக்கும். அந்த வாரம் முழுக்க அவள் மனதில் இது ஒன்றுதான் ஓடியது.

அவர் மனதில் வேறு ஒன்று ஓடியது, அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். படகு சில மாதங்களாகப் புகைந்துகொண்டிருந்தது. முதலில் கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் சாம்பல் புகை. பிறகு நாள் முழுக்க. புகைக்குழாயைச் சுற்றிப் பிசுபிசுவென்று கறுப்பாக எண்ணெய் வழிந்தது. ஆள் நிறைய ஏறினால் படகு முனகியது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பின் இருக்கையைத் தவிர்த்தார்கள். “உன் படகுல ஏறினா சாயம் போடற செலவு மிச்சம்டா” என்று அக்கா நரைத்த தலையைக் காட்டினாள்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தான். லாரிப் பட்டறையில் இருந்துவிட்டுப் படகுக்கு வந்தவன், நாற்பது வயதிருக்கும், பேசிக்கொண்டே கை வேலை செய்வான். இன்ஜின் மேலிருந்த மரமூடியைத் தூக்கி வைத்தான். ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்தான். தினமும் எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டான். அவர் பெருமையாகவே சொன்னார். பாதி வேகத்துக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. காலையில் எழுந்ததும் படகைக் கட்டியபடியே இன்ஜினைப் போட்டு, அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பிறகுதான் அவிழ்ப்பார். தூங்குகிற குழந்தையை உலுக்கி எழுப்புவார்களா?

மெக்கானிக் சிரித்துவிட்டான். “அண்ணே, சும்மா ஓடினா டீசல் இன்ஜின் எங்க சூடாகும்? குளிர்ல நிக்க வெச்சுட்டுப் போர்வை போத்தினதா நினைச்சிருக்கீங்க. இதுக்கு வியாதியே இல்லண்ணே. செல்லம் ஜாஸ்தி.”

டீசல் இன்ஜினுக்குப் பாரம் இழுக்க வேண்டும் என்று அவன் விளக்கினான். இழுத்தால்தான் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால்தான் டீசல் முழுக்க எரியும். இத்தனை வருஷம் இளஞ்சூட்டிலேயே ஓடியதால் எரியாத டீசல் கரியாகப் படிந்திருக்கிறது. சிலிண்டர் சுவரும் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிக்கொண்டு வருகிறது. இன்னும் விட்டால் பிரித்துப் போட்டு வேலை செய்ய வேண்டியதுதான். அதற்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம். கால்வாயில் முடியாது. ஏரிக்குக் கொண்டுபோய், படிப்படியாகக் கூட்டி, முக்கால் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவை அப்படி ஓட்டிவர வேண்டும்.

“கறுப்புப் புகை வரும். பயங்கரமா வரும். பயந்து குறைச்சிடாதீங்க. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றது” என்றான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டு விசேஷம், வர முடியாது. சூடு காட்டும் முள்ளும் ஆயில் அழுத்தம் காட்டும் முள்ளும் இன்ஜின் மேலேயே இருந்தன. ஓட்டுகிற இடத்தில் இருந்தவை எப்போதோ செத்துப்போயிருந்தன. எனவே மூடியைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சூடு தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் மட்டும் குறைக்கலாம்.

அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா அவளிடம் மெல்லச் சொன்னாள்: “என்னை யாராவது ஏசினா ரெண்டு தட்டு சாப்பிடுவான். இன்ஜினைச் சொன்னா இவனுக்குச் சோறு இறங்காது.” முள்ளைப் பார்க்க யார் வருவது என்ற பேச்சு வந்தபோது, ஏரியின் நடுவில் வெடித்துச் சாகத் தனக்கு இன்னும் வயதாகவில்லை என்று சொல்லி அக்கா ஒதுங்கிக்கொண்டாள். மனைவி, நான் வருகிறேன் என்றாள்.

“உன் இஷ்டம்மா” என்றார் அவர்.

ஞாயிறு காலை கால்வாய் காலியாக இருந்தது. வழக்கம்போல நடக்கிற வேகத்தில் போனார்கள். துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி கையாட்டினாள். பழைய அரிசி மில், கிளினிக், அவள் குழாய்களோடு ஏறி இறங்கிய படிகள் எல்லாம் சாவகாசமாகப் பின்னால் போயின. கால்வாயின் கடைசிப் பாலத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கச் சுவர்களும் இல்லாமல் போய்விட்டன. ஏரி அவ்வளவு பெரியது என்பதே அவளுக்கு மறந்திருந்தது. அக்கரை ஒரு பென்சில் கோடு மாதிரி இருந்தது.

அவள் மூடியைத் திறந்துவைத்து, டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் ஸ்டியரிங்கில் நின்றார். வேகம் கூட்டும் கைப்பிடியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். சத்தம் மாறியது. இன்னும் கொஞ்சம். படகின் முகம் தூக்கிக்கொண்டது. மூடி திறந்திருந்ததால் இன்ஜின் அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடுவதுபோல இருந்தது. அவர் திரும்பி ஏதோ கேட்டார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

“கேக்கல” என்றாள் சைகையில்.

அவர் மூச்சை இழுத்தார். “சூடு எவ்வளவு?”

அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது பதினொரு வருஷத்தில் அவளுக்குத் தெரியாது. கரகரவென்று, அகலமாக, சந்தையில் ஏலம் விடுகிறவர் குரல் மாதிரி இருந்தது. அவள் பதில் சொல்ல மறந்து ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு டார்ச்சைத் திருப்பி, “அறுபத்தெட்டு” என்று கத்தினாள்.

முக்கால் வேகத்தைத் தொட்டபோது புகை வந்தது. மெக்கானிக் சொல்லியிருந்தும் அதற்கு இருவரும் தயாராக இருக்கவில்லை. படகுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சுவர் எழுந்தது. குழாயிலிருந்து கரித்துண்டுகள் தெறித்து நீரில் விழுந்தன. வந்த வழியே தெரியவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. கை தானாகக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தது. சத்தம் இறங்கியது, படகின் முகம் தண்ணீரில் அமர்ந்தது.

“போதும்மா. பாவம், அது திணறுது” என்றார், பழைய குரலில்.

அவள் முள்ளைப் பார்த்தாள். எழுபது. ஆயில் சரியாக இருந்தது. திணறியது இன்ஜின் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“தொண்ணூத்தஞ்சு வரைக்கும் போகலாம்னு சொன்னாரு. இன்னும் எழுபதுதான். தள்ளுங்க” என்றாள்.

அவர் வாயில் அந்தப் பதில் வந்து நிற்பதை அவள் பார்த்தாள். ஆனால் இது அவள் இஷ்டம் இல்லை, முள் காட்டுகிற கணக்கு. அவர் கைப்பிடியைத் தள்ளினார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்.

“எழுபத்தேழு!” அவள் கத்தினாள். “எண்பது!” இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்தக் கத்த, நெஞ்சில் ஏதோ இளகியது. யாரும் கேட்கமாட்டார்கள். அந்த எண்ணுக்குப் பின்னாலேயே, அதே சத்தத்தில், யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: “நான் அந்த வேலைக்குப் போகணுமா, வேண்டாமா?”

அவர் முன்னால் பார்த்தபடியே, இரைச்சலுக்கு ஏற்ற குரலில், “உன் இஷ்டம்!” என்றார்.

அப்படிக் கத்திச் சொல்லும்போது அது வேறு மாதிரி இருந்தது. தெருச்சண்டையில் கதவைச் சாத்துமுன் சொல்கிற வார்த்தை மாதிரி இருந்தது. தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தியவர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். தோள்கள் ஒரு முறை அசைந்தன. திரும்பி அவளைப் பார்த்தபோது முகத்தில் கோபம் இருந்தது. அதையும் அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

“விண்ணப்பம் போட்டப்ப என்னைக் கேட்டியா? ஆஸ்பத்திரி வாட்ச்மேன் எங்க அக்காகிட்ட சொல்லி, அக்கா எங்கிட்ட சொல்லி, எனக்குத் தெரியுது.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

அவர் மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

“சொல்லுங்க. என்ன சொல்லியிருப்பீங்க? எண்பத்திமூணு.”

பிறகு அவர்கள் சண்டை போட்டார்கள். முதல் சண்டை என்பதால் இருவருக்கும் ஒழுங்காகப் போடத் தெரியவில்லை. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் சுவரின் வண்ணத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவருக்கு அந்தப் பச்சை கடைசி வரை பிடிக்கவில்லையாம். அவளுடைய அம்மா ஆறு மாதமும் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாளாம். அவர் மோர் ஊற்றிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போலிருக்குமாம். நடுநடுவே அவள் சூட்டைச் சொன்னாள், அவர் சரி என்று தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

கடைசியில் அவள் அதையும் கேட்டாள். “தத்தெடுக்கலாமான்னு கேட்டேனே. அன்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“எனக்கு ஆசையா இருந்தது” என்றார். கத்த வேண்டியிருந்ததால் அதைக் கத்தித்தான் சொன்னார். “ஊசி குத்திக் குத்தி நீ ஓய்ஞ்சு போயிருந்தே. என் ஆசையையும் தூக்கி உன் தலையில வைக்கணுமான்னு பார்த்தேன்.”

“வெச்சிருக்கணும். ரெண்டு பேரா தூக்கியிருப்போம்.”

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கரி அப்பிக்கொண்டது. அவளும் முகத்தைத் துடைத்தாள். சூடு எண்பத்தைந்தில் நின்றிருந்தது, கொஞ்ச நேரமாகவே அங்கேதான் நின்றிருந்தது. பார்த்துச் சொல்ல இருவருக்கும் மறந்துவிட்டது.

“இப்ப கேக்கறேன்” என்றாள். “போகட்டுமா?”

“போகாதே” என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே பயந்தவர்போல வேகமாகத் தொடர்ந்தார். அவள் இல்லாமல் அந்த வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிடுவதுகூட, அவள் டீ போட்டு ஜன்னல் வழியாக நீட்டுகிற நேரத்துக்காகத்தான். போகாதே என்று சொன்னால் அவள் உண்மையிலேயே போகாமல் இருந்துவிடுவாள், அப்புறம் ஆயுசுக்கும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் சொல்லவில்லை.

அவள் எழுந்து நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது. கேட்க நினைத்ததைக் கேட்டாகிவிட்டது. அது ‘போகாதே’யாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த வார்த்தை அவளைக் கட்டிப்போடவில்லை. வாரம் முழுக்க வெறும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது எதிரே ஓர் ஆள் கிடைத்திருந்தார்.

“நான் போறேன்” என்றாள். “எனக்கு அந்த வேலை வேணும்.”

அவர் தலையை ஆட்டினார். சரி என்று இல்லை, கேட்டுக்கொண்டேன் என்று.

அப்போதுதான் அவள் பின்னால் பார்த்தாள். புகை இல்லை. குழாயின் வாயில் காற்று மட்டும் கானல்போல நடுங்கியது. அவர் தோளைத் தட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார், பிறகு இன்ஜின் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்தார். அதில் இருந்த முனகல் போயிருந்தது. வெகு காலம் கழித்து முழுசாக மூச்சுவிடுகிற ஒன்றின் சத்தமாக இருந்தது. அவர் முகத்தில் சந்தோஷமும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்தன. பெற்ற பிள்ளையைப் பற்றி வாத்தியார் சொல்லித் தெரிந்துகொண்ட தகப்பன் மாதிரி நின்றார்.

பிறகு முன்னால் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பென்சில் கோடாக இருந்த அக்கரை நிஜக் கரையாகவே எதிரே வந்திருந்தது. மரங்கள் தெரிந்தன. ஒரு படகுத்துறை, படியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் இரண்டு பேர், அதற்குப் பின்னால் இன்னும் சாரம் பிரிக்காத ஒரு வெள்ளைக் கட்டடம், நெற்றியில் சிவப்புக் கூட்டல் குறி.

“இது அந்த ஊர்” என்றாள் அவள்.

அக்கரை அரை நாள் தூரம் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பஸ்ஸை வைத்துச் சொன்னார்கள். இல்லையென்றால் இவர் படகை வைத்து. ஏரிக்கு வேகப் பலகை கிடையாது என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, அவரும்கூட. சண்டை போட்டுக்கொண்டே வந்து சேர்ந்திருந்தார்கள்.

திரும்பும்போது அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. கால்வாய் வாய்க்கு வந்ததும் மெல்ல இறக்கினார். சுவர்கள் மறுபடி இரண்டு பக்கமும் வந்து நின்றன. அந்த அமைதியில் பேசக் கூச்சமாக இருந்தது. பாலத்துக்கு அடியில் போகும்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“நீ போறது எனக்குப் பிடிக்கல. நாளைக்குக் கேட்டாலும் பிடிக்கலைன்னுதான் சொல்லுவேன்.”

“சொல்லுங்க.”

“வாரத்துக்கு ஒரு தடவை இதை ஏரில ஓட்டணுமாம். சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் துறைல வந்து நில்லு. கூட்டிட்டு வரேன்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பச்சைச் சுவரையும் மாத்தணும்” என்றார்.

“அது முடியாது” என்றாள் அவள்.

படகுத்துறையில் அக்கா காத்திருந்தாள். இருவர் முகத்திலும் கரி, அதில் கண்ணுக்குக் கீழே கோடு கோடாக வெளுத்த தடம். கயிற்றை வாங்கிக் கட்டினாள். இன்ஜின் சரியாகிவிட்டதா என்று மட்டும் விசாரித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார்கள். தொண்டை கட்டிப்போய் இருவருக்கும் காற்றுதான் வந்தது.

அக்கா ஒருவரை விட்டு ஒருவரைப் பார்த்தாள். “நல்லது. ஒரு வழியா வாயைத் திறந்திருக்கீங்க” என்றாள். பிறகு வெந்நீர் வைக்க வீட்டுக்குள் போனாள்.

திங்கட்கிழமை காலை ஜன்னலுக்குக் கீழே இன்ஜின் சத்தம் கேட்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். படகு கட்டியபடி சும்மா கிடந்தது. அவர் சமையலறையில் உட்கார்ந்து, அவள் டீ போடுவதற்காகக் காத்திருந்தார். குடித்து முடித்த பிறகு அவள் அக்கரை மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அவர் அங்கேயே உட்கார்ந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைசி வார்த்தை வரை கேட்டார். அப்புறம் கீழே போய்ப் படகை அவிழ்த்தார்.